லாரிக்கு லாரி தாவிய கல்யாணச் சேதி

என் மகள் ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்த விஷயத்தை ஒருநாள் எனக்கு விளக்க உட்கார்ந்தாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கோபுரம் கிடையாது, கம்பி கிடையாது, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் தலைமை இடமும் கிடையாது. கையில் ஆளுக்கொரு ரேடியோப் பெட்டியோடு மனிதர்கள் இங்கும் அங்கும் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும் நாலைந்து பெட்டிகளை மட்டும்தான் தெரியும். யார் எங்கே இருக்கிறார்கள் என்ற முழுப் படம் எவரிடமும் இல்லை. இருந்தாலும் இந்தக் கோடியில் சொன்னது அந்தக் கோடிக்குப் போய்ச் சேரவேண்டும். அதற்கு ஒவ்வொரு பெட்டியும், பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்த்து, கேட்டதை யாரிடம் தள்ளிவிடுவது என்று தானே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்கான விதிகள்தாம் அவளுடைய படிப்பு.

"புரியுதாம்மா?"

"இதுக்கா அஞ்சு வருசம்? உங்கப்பனைக் கட்டிக்கறதுக்குள்ள இத்தனையும் நான் இருபத்து மூணு நாள்ல படிச்சு முடிச்சேன்," என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். அவளுடைய அப்பா இந்தக் கதையை அவளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சொல்லும்போது பாதி வழியில் டயர் பஞ்சர் ஆகி, கதை டயரைப் பற்றியதாக மாறிவிடும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் நாமக்கல்லில் டெலிபோன் ஆபரேட்டர். எங்கள் ஊர் மோகனூர் சாலையில் நாலைந்து மைல். காலையில் பேருந்து பிடித்து வந்து, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, இணைப்புப் பலகை முன் உட்கார்ந்தால் மாலை வரை துளைகளில் கயிறுகளைச் செருகுவதும் பிடுங்குவதும்தான். ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது என் விரலுக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. உலகத்தில் ஒரு சேதி போகவேண்டுமென்றால் அது எங்கள் பலகை வழியாகத்தான் போகவேண்டும் என்பது என் எண்ணம்.

எனக்குப் பார்த்த மாப்பிள்ளை லாரி ஓட்டுபவர். அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து வாங்கிய ஒரே லாரி, ஒரே மகன். எங்கள் பக்கத்தில் பாதி வீடு லாரியில் ஓடுகிறது, அதனால் அதில் குறையொன்றும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று, "ஏதாச்சும் கேக்கோணும்னா கேளு அம்மிணி," என்று அவருடைய அப்பா சொன்னார். சும்மா மரியாதைக்குச் சொன்னது. யாரும் கேட்கமாட்டார்கள். நான் கேட்டேன்.

"தூக்கம் வந்தா வண்டிய நிறுத்துவீங்களா?"

என் அப்பாவுக்குக் காபி புரைக்கேறியது. மாப்பிள்ளை மட்டும் கேள்வியை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, "நிறுத்தீருவனுங்க. எந்தக் காடா இருந்தாலும் ஓரங்கட்டீருவேன்," என்றார். அந்த யோசித்த நேரம்தான் எனக்குப் பிடித்தது. உடனே சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

கிளம்பும்போது அவர், "ஆபீசுக்குப் போன் பண்ணலாமுங்களா?" என்று கேட்டார். "கூடாதுங்க. அது ஊருக்கு இருக்கற லைனு," என்றேன். அந்த மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். அடுத்த இரண்டு மாதமும் எந்த ஊரிலிருந்தும் ஒரு அழைப்பு வரவில்லை. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணம் தையில் என்று முடிவானது. அவர் நாமகிரிப்பேட்டையில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாகபுரிக்குக் கிளம்பிப் போனார். போன நாலாம் நாள், பட்டாளத்தில் இருந்த என் தாய்மாமன் திடீரென்று விடுப்பில் வந்து இறங்கினார். தையில் விடுப்பு கிடையாதாம். தாய்மாமன் இல்லாமல் எங்களில் கல்யாணம் இல்லை. மார்கழியில் செய்வதற்கில்லை. ஆக, கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று நாள். அவர் வீட்டிலும் சரியென்றார்கள். எல்லாரும் கூடிப் பேசி, எல்லாருக்கும் சம்மதமாகி, வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் ஒருவருக்கு நினைவு வந்தது, மாப்பிள்ளைக்குச் சொல்லவேண்டும் என்று.

"அதுக்கென்ன, நானு போன்ல சொல்லீர்றேன்," என்றேன் நான், நிமிர்ந்து.

மறுநாள் நாகபுரிக்கு ட்ரங்க் கால் போட்டேன். சேலம், சென்னை, அதற்கும் வடக்கே என்று ஒவ்வோர் ஊர் ஆபரேட்டரும் கைகொடுத்து, அரை நாள் கழித்து அங்கிருந்த சரக்குத் தரகர் கிடைத்தார். அவருடைய பாதி இந்தியும் என்னுடைய பாதி ஆங்கிலமும் மோதியதில் தெரிந்தது இவ்வளவுதான்: வண்டி சரக்கை இறக்கிவிட்டது, வேறு சரக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்கே என்றால், கிடைத்த பக்கம். ஊர் திரும்பும் சரக்கு கிடைக்கும்வரை எங்கள் லாரிகள் அப்படித்தான் அங்கேயும் இங்கேயுமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இருக்கும் இடம் தெரிந்தவருக்குத்தான் என் பலகையில் துளை உண்டு. நகர்ந்துகொண்டே இருப்பவருக்கு எந்தத் துளையில் கயிற்றைச் செருகுவது? இரண்டு நாள் வெவ்வேறு ஊர்த் தரகர்களைத் தேடிப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அவருடைய அப்பா சேலம் சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்தார். என் மாமனாராகப் போகிறவர். சேதி கேட்க நான் போனபோது டயருக்குள் தலையை விட்டுக்கொண்டே, "ஏன் அம்மிணி, அந்தப் போனையே புடிச்சுத் தொங்கீட்டிருக்கே? ரோட்டுல சொல்லியுட்டாப் போயிரும்," என்றார்.

"ரோட்டுல யாருகிட்டங்க?"

"ரோட்டுலதான்."

அவருக்கு அதற்குமேல் விளக்கத் தெரியவில்லை. அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்து பார்த்தும் கேட்டும் நானேதான் புரிந்துகொண்டேன். வடக்கே போகும் நம்ம ஊர் வண்டி ஒவ்வொன்றிடமும் சேதியைச் சொல்வார். அந்த வண்டிக்காரர் போகிற வழியில் பார்க்கும் நம்ம ஊர் வண்டிகளிடம் சொல்வார். எதிரே வருகிறவர் தெற்கே திரும்புகிறார், அவரால் பயனில்லை, ஆனால் அவரிடம், "கடைசியா எந்தப் பக்கம் பாத்தீங்க?" என்று கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பக்கம் போகிற வண்டி எதுவோ அதனிடம் சேதியைத் தள்ளிவிடலாம். அவ்வளவுதான். மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியவேண்டியதில்லை. எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். சீட்டில் எழுதிக் கொடுக்கட்டுமா என்றேன். மாமனார் சிரித்தார். சீட்டு ஒன்றுதான், அது ஒரு வண்டியில்தான் போகும். வாய் அப்படியில்லை. சொல்லச் சொல்லக் குறையாது.

இன்னொரு விதியும் இருந்தது. ஒரே சேதியைப் பத்து வண்டி நிறுத்தி நிறுத்திச் சொன்னால் எவனும் ஊர் போய்ச் சேரமுடியாது. அதனால் கேட்டவர் தன் வண்டியின் வலது பக்கக் கண்ணாடிக் கம்பியில் ஒரு துணியைக் கட்டிக்கொள்வார். எதிரே வருகிறவருக்குத் தூரத்திலேயே தெரியும்: இவருக்குச் சொல்லியாயிற்று. நிறுத்தாமல் ஒரு ஆரன் மட்டும் அடித்துவிட்டுப் போய்விடலாம். என் மகள் படிப்பிலும் இது இருக்கிறதாம். ஒரே சேதியை எல்லாப் பெட்டியும் கத்திக்கொண்டிருந்தால் காற்றில் இடமே இருக்காதாம்.

வழக்கமாகப் பழைய லுங்கிக் கிழிசலைக் கட்டுவார்களாம். "இது கண்ணாலச் சேதி, அழுக்குத் துணி எதுக்கு? மஞ்சத்துணி கட்டட்டும்," என்றார் மாமனார். நானும் பெரிய ஆர்வத்தோடு தலையாட்டினேன். அதோடு நின்றேனா? வீட்டுக்குப் போய் அப்பாவின் பழைய வேட்டியை மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கி, காயவைத்து, முழ நீளத்துக்குக் கிழித்து, கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளம்புகிற ஒவ்வொரு வண்டியும் ஒரு கட்டு எடுத்துக்கொண்டது. நல்ல காரியம் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு நிறம் தோன்றாது. அந்த நிறத்தில் ஒரு வில்லங்கம் இருக்கும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆபீஸ் உத்தியோகக்காரி எனக்கும்தான் உறைக்கவில்லை.

முகூர்த்தம் குறித்த எட்டாம் நாள் மாமனார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், முகமெல்லாம் பல்லாக. தெற்கே திரும்பிய வண்டி ஒன்று மாப்பிள்ளையை ஆதிலாபாத்துக்குப் பக்கத்தில் பார்த்ததாம். கண்ணாடிக் கம்பியில் மஞ்சள் துணி பளிச்சென்று இருந்ததாம். வண்டிக்காரர் ஆரன் அடிக்க, அவரும் ஆரன் அடித்து, கையை முழுசாக வெளியே நீட்டி ஆட்டினாராம்.

"ஒரே சிரிப்பாமா அம்மிணி!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பா பத்திரிகை அடிக்கக் கொடுத்தார். அம்மா உரலைக் கழுவினாள். தரகர்களுக்குப் போட்டிருந்த ட்ரங்க் கால்களை நான் ரத்து செய்தேன். ரோட்டை இளப்பமாக நினைத்ததற்கு மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் இன்னொரு வண்டிக்காரர் வந்தார். அவர் பார்த்தது நாகபுரிக்கும் வடக்கே, ஜபல்பூர் சாலையில். நிறையச் சரக்கு, தார்ப்பாய் கட்டி, வடக்குப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாராம். மஞ்சள் துணி? இருந்ததாம். அவரும் ஆரன் அடித்தாராம், இவரும் அடித்தாராம்.

இதை மாமனார் எங்கள் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, அந்த மனிதரின் நல்ல குணம் அது. உள்ளே இருந்த என் பட்டாளத்து மாமா வெளியே வந்தார்.

"பதினோரு நாள்ல தனக்குக் கண்ணாலம்னு தெரிஞ்சவன் எவனாச்சும் வடக்க லோடு ஏத்தீட்டுப் போவானா?" என்று கேட்டார். "புடிக்கலீன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லீருக்கோணும். இப்படியா ஓடறது?"

ஓடுகிறார். அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சேதி தெரியும், தெரிந்தும் ஓடுகிறார். அப்படியானால் அந்தச் சிரிப்பும் கையாட்டலும் என்ன? நான் கேட்ட கேள்விதான் பிடிக்காமல் போய்விட்டதா? ஆபீசுக்குப் பேசக்கூடாது என்றதில் வருத்தமா? சோறு தண்ணீர் இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். அன்று நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் கைகழுவும்போது அழுதேன். பிடித்துப்போன ஒருவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பது அவமானத்தைவிடப் பெரியதாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமைக்குள் ஒரு நல்ல வார்த்தை வராவிட்டால் உறவுக்காரர்களிடம் கல்யாணம் நின்றுவிட்டது என்று சொல்லிவிடுவதாக அப்பாவும் மாமாவும் முடிவு செய்தார்கள்.

மறுநாள் பலகை முன் உட்கார்ந்திருந்தேன். ராசிபுரத்து ஜவுளிக்காரர் ஒருவருக்கு ஈரோட்டு இணைப்பைப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் எடுத்ததற்கு அடையாளமாகப் பலகையில் விளக்கு மாறியது. இவர், "கேக்குதுங்களா? கேக்குதுங்களா?" என்று கத்திக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். எடுத்திருக்கிறார்கள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் பத்துமுறை நடப்பதுதான். அதனால்தான் போனில் தந்தி வாசகம் கொடுத்தால், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை நாங்கள் விடமாட்டோம். விளக்கு மாறியது என்பதற்காகச் சேதி போய்விட்டது என்று எழுதுகிறவளுக்கு எங்கள் அறையில் நல்ல பாட்டு விழும்.

கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. மஞ்சள் துணியும் விளக்குத்தானே? அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். அவரிடம் பேசியவர் யார்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஞ்சர் கடைக்கு ஓடினேன்.

"பாத்தவங்க அவருகூடப் பேசுனாங்களா?"

"துணிதான் கட்டியிருந்துதே அம்மிணி, அப்பறம் எதுக்குப் பேசறது?" என்றார் மாமனார், நான் ஏதோ விளங்காததைக் கேட்டதுபோல.

"துணிய அவுரு எதுக்குக் கட்டுனாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மாமனார் கடைக்கு எதிரே காற்றுப் பிடிக்க நின்றிருந்த ஒரு லாரியைத் திரும்பிப் பார்த்தார். அதன் முன்பக்கத்தில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டு கட்டியது. என் வேட்டிக் கிழிசல் அல்ல. எங்கள் பக்கம் எந்த வேண்டுதலுக்கும் மஞ்சள் துணியில்தான் முடிந்து வைப்போம். தலைவலி வந்தாலும் முடிவோம். எஞ்சினில் சத்தம் வந்தாலும் முடிவோம்.

"அட சாமி!" என்று மாமனார் டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை எதற்கோ வேண்டிக்கொண்டு கட்டியிருக்கவேண்டும். சேதியை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனவர்கள் எல்லாரும் அவரைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்து, துணியைப் பார்த்து, சொல்லியாயிற்று என்று சந்தோஷமாக ஆரன் அடித்துவிட்டுக் கடந்துபோனார்கள். யாருக்குச் சேதியோ அவர் ஒருவரைத் தவிர அந்தச் சாலையில் எல்லாருக்கும் எங்கள் கல்யாணம் தெரியும். மஞ்சள் துணியை அடையாளமாக வைத்து, அவருக்கு யாரும் சொல்லிவிடாமல் நாங்களே பார்த்துக்கொண்டோம்.

இது வெறும் ஊகம்தான். மாமாவிடம் சொன்னபோது, "நல்லாச் சாக்குக் கண்டுபுடிக்கறே," என்றார். எனக்கும் உறுதியில்லை. அதனால்தான் இரண்டாவது சேதியை நான் வேறுமாதிரி அனுப்பினேன். ஒரு கேள்வியாக.

"அவரை எங்க பாத்தாலும் வண்டிய மறிக்கோணும், துணி இருந்தாலும் சரி. முகூர்த்த நாளைச் சொல்லோணும். அப்பறம், பொண்ணுப் பாக்க வந்தப்ப அந்தப் புள்ள உங்களை என்ன கேட்டுதுன்னு கேக்கோணும். அவுரு சொல்ற பதிலத் தெக்க வர்ற வண்டியில சொல்லியுடோணும். ஒவ்வொருத்தரும் கேட்டதை ஒருக்காத் திருப்பிச் சொல்லிக் காட்டிப்போட்டுத்தான் வண்டிய எடுக்கோணும்."

மாமனார் நெளிந்தார். "ஊரு பூரா சிரிக்கும் அம்மிணி."

"சிரிக்கட்டுமுங்க. பதிலு ஊருக்குத் தெரியாதில்ல? அவுரு வாயில இருந்துதான வரோணும்?"

இந்த முறை துணி கிடையாது. பத்துமுறை கேட்டாலும் பரவாயில்லை என்று எல்லாரும் எல்லாரிடமும் சொல்லட்டும் என்றுவிட்டேன். ஆபரேட்டரின் முறையையும் லாரிகளின் சக்கரங்களையும் ஒன்றாகக் கட்டி அனுப்பினேன் என்று இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அப்போது அது போய்ச் சேருமா என்றே தெரியவில்லை.

சாலை சும்மா இருக்குமா? மூன்றாம் நாளே ஒரு பதில் வந்தது: "பீடி குடிப்பீங்களான்னு கேட்டீங்களாமா." ஐந்தாம் நாள் இன்னொன்று: "மாமியாகூடச் சண்டை வந்தா யாரு பக்கம் நிப்பீங்கன்னு கேட்டீங்களாமா." எல்லாம் வழியில் எவனோ டீ குடித்துக்கொண்டே கட்டிவிட்டது. இரண்டாவது கேள்வி நல்ல கேள்விதான், கேட்காமல் விட்டோமே என்றுகூட நினைத்தேன். ஆனால் இரண்டும் அவருடையவை அல்ல என்பது எனக்கு உடனே தெரிந்தது. பேருந்தில் கண்டக்டர், "பதில் வந்துச்சுங்களா?" என்று விசாரித்துவிட்டு டிக்கெட் கொடுத்தார். ஓசூரிலிருந்து ட்ரங்க் கால் போட்ட முன்பின் தெரியாத ஒருவர், நாமக்கல் என்றதும், "அந்தக் கேள்வி கேட்ட புள்ள உங்க ஆபீசுதானுங்களே?" என்றார். வேறொரு பெண் என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. காலையில் கிளம்பும்போது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார், உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போக. "சாயங்காலம் வரைக்கும் பொறுங்கப்பா," என்று மட்டும் சொன்னேன்.

மதியம் ஒரு மணி இருக்கும். பில் கட்டும் ஜன்னலில் முழங்கைவரை கிரீஸ் ஒட்டிய ஒருவர் வந்து நின்று, "இங்க போன் புடிக்கற அம்மிணி யாருங்க?" என்று கேட்டார். நான் எழுந்து போனேன். அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தொப்பூர் இறக்கத்தில் ஒரு வண்டி அவரிடம் சொன்னதாம். அந்த வண்டிக்குப் பெங்களூருக்கு வெளியே ஒருவர் சொன்னாராம். அதற்கு முன்னால் யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் சொன்னார்:

"தூக்கம் வந்தா வண்டிய நிறுத்துவீங்களான்னு கேட்டீங்களாமா. நிறுத்துவேன்னு சொன்னாராமா. கண்ணாலச் சேதி இப்பத்தான் தெரியுமாமா. துணி வேண்டுதலுக்குக் கட்டுனதாமா, கண்ணாலம் நல்லபடியா நடக்கோணும்னு. ஏத்துன லோடை எறக்கிக் குடுத்துப்போட்டு வாராராமா. தூக்கம் வந்தா நிறுத்தித்தான் வருவாராமா. ஆனா வந்துருவாராமா."

"திருப்பிச் சொல்லுங்க," என்றேன். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

அவர் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் மறுபடியும் கண்ணை மூடி, ஒரு சொல் மாறாமல் சொன்னார். எத்தனை வாய் தாண்டி வந்ததோ, ஒரு சொல்லும் உதிரவில்லை. எனக்குப் பின்னால் பலகையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. யாரும் யாரோடும் பேசாமல் ஊர் ஐந்து நிமிடம் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று நின்றேன். அந்த மனிதருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை என்பது இன்றுவரை உறுத்துகிறது.

சேதி சொன்னதும் அப்பா செருப்பைக் கழற்றினார். மாமா மட்டும், "பதிலு வந்துருச்சு சரி, ஆளு வரோணுமே," என்றார். கேலியாகச் சொன்னாலும் அது உண்மைதான். முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருந்தது. ஏற்றிய சரக்கை வழியில் விட்டுவிட்டு வருகிற ஆள் அவர் இல்லை. இறக்கிவிட்டு அங்கிருந்து வரவேண்டும். ரயிலில் வந்தால் என்ன என்று பின்னாளில் கேட்டிருக்கிறேன். "ரயிலு எங்க நிக்கும்னு எனக்கென்ன தெரியும்? லாரி எங்க நிக்கும்னு தெரியும்," என்பார்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பந்தல் போட்டாயிற்று. உறவு வந்து இறங்கிவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரித்துவிட்டுச் சாலையைப் பார்த்தார்கள். எனக்கு மஞ்சள் பூசி உட்காரவைத்திருந்தார்கள். நானும் ஜன்னல் வழியாகச் சாலையைத்தான் பார்த்தேன். எங்கள் சாலையில் கரும்பு வண்டிகளைத் தவிர ஒன்றும் வரவில்லை. அவர் வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு வெங்காயம் ஏற்றிய ஒரு லாரி பந்தலுக்கு முன்னால் வந்து நின்றது. அவருடைய லாரி இல்லை. ஓட்டியவர் கீழே குதித்து, ஓடிவந்த கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. தூங்கறாப்ல."

மாப்பிள்ளை சரக்கை இறக்கிய கையோடு தன் லாரியைக் கூட வந்த மாற்று டிரைவரிடம் விட்டுவிட்டு, தெற்கே வரும் வண்டிகளில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஒருவர் போகும் தூரம்வரை கொண்டுவந்து, அடுத்து எங்கள் ஊருக்குக் கிட்டத்தில் போகிறவரிடம் ஏற்றிவிட்டிருக்கிறார். இது எட்டாவது லாரி. திருச்சிக்குப் போகவேண்டிய வெங்காயம், இவருக்காக மோகனூர் சாலையில் திரும்பியிருக்கிறது. ஏழு வண்டியிலும் இமை மூடவில்லையாம். ஓமலூர் தாண்டித்தான் அசந்தாராம். வண்டி ஓட்டாதபோது தூங்காமல் வரலாமா கூடாதா என்று நான் கேட்டிருக்கவில்லை அல்லவா?

"எழுப்புங்க, குளிக்கவெக்கோணும், சீரெல்லாம் கெடக்குது," என்று மாமா கதவில் கைவைத்தார்.

"எழுப்பாதீங்க மாமா," என்றேன். மஞ்சள் பூசிய பெண் பந்தலைத் தாண்டிச் சாலைக்கு வரக்கூடாது. நான் வந்திருந்தேன். என்னைத் தடுக்க அம்மா எடுத்த கையை, என் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள்.

படியில் ஏறிப் பார்த்தேன். தாடி வளர்ந்து, சட்டையெல்லாம் அழுக்காகி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். மாப்பிள்ளைக் களை ஒரு துளி இல்லை. எனக்குச் சந்தோஷம் நெஞ்சுக்குள் நிற்காமல் ததும்பியது. இறங்குவதற்குள் கதவு கிரீச்சிட்டது. அவர் கண்ணைத் திறந்தார். என்னையே பயத்தோடு பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதில் எனக்குக் கிடைத்தது எனக்குத் தெரியும். கிடைத்தது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஜபல்பூரிலிருந்து இதுவரை, கல்யாணம் இருக்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியாமலேயே எட்டு வண்டி மாறி வந்திருக்கிறார்.

"நான் சொல்லியுட்டது வந்து சேந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"சேந்துச்சுங்க. தூக்கம் வந்தா நிறுத்தித்தான் வருவேன், ஆனா வந்துருவேன்னு சொன்னீங்க."

அவர் ஒவ்வொரு சொல்லையும் சரிபார்ப்பதுபோல் கேட்டார். "அப்பச் சரிங்க," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.